மூன்றாவது கன்னியும் நான்காவது கன்னியும்

அன்று மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எண்ணியே சொல்கிறேன். ஏனென்றால் பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பாதி ஊர் அங்கே நின்றதாகக்கூட ஒருவர் அடித்துச் சொன்னார்.

ஊராட்சித் தலைவர் ஏழுமலை, வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்ன பிளாஸ்டிக் நாற்காலியில். அவருக்குப் பின்னால் ஊராட்சி எழுத்தர், கையில் நோட்டு, காதில் பேனா. ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் அஞ்சலை, இடுப்பில் கொட்டகைச் சாவி. என் மனைவியின் தம்பி பெஞ்சமின், தோளில் என் மீட்டர் பெட்டி. அப்புறம் நான், சவரிமுத்து.

“கன்னிமாரையும் சேத்தா பன்னெண்டு பேரு,” என்பார் அஞ்சலை. அந்தக் கணக்கை அன்று நாங்கள் யாரும் சரியாகப் போடவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். வடக்கனந்தலைத் தாண்டி மேற்கே போனால் கல்வராயன் மலை எதிரே வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதன் காலடியில் இருக்கும் ஊர்களில் ஒன்று. பங்குனி மாதம். காலை ஒன்பது மணிக்கே கொட்டகைத் தகரம் வெயிலில் விரிந்து டக், டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திரும்பிப் பார்த்தேன். என் சுபாவம் அப்படி.

விஷயம் இதுதான். ஓடைக்கரைக் கிணற்றிலிருந்து நாலு அங்குல இரும்புக் குழாய் ஒரு கிலோமீட்டர் போய் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் விழுகிறது. தொட்டி முப்பதாயிரம் லிட்டர். முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் தொட்டி நிரம்பி வழியும். இரண்டு மாதமாக நிரம்பவில்லை. கடைசியில் இருக்கும் மேற்குத் தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை. மேற்குத் தெருதான் தலைவரின் தெரு.

ஏழுமலை முடிவே கட்டிவிட்டார். வழியில் வால்வைத் திறந்து தன் கொழுந்தனின் மரவள்ளிக் காட்டுக்கு அஞ்சலை தண்ணீர் விற்கிறார். அதை நிரூபித்துவிட்டால் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். நிரூபிக்கத்தான் என்னையும் என் மீட்டரையும் ஒரு நாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்.

அஞ்சலையின் கணவர் பார்த்த வேலை அது. அவர் போன பிறகு இவருக்கு வந்தது. மாதம் நாலாயிரம் ரூபாய். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. வரும் வழியில் டீக்கடையில் இருந்தவர்கள் தாங்களாகவே சொன்னார்கள்.

ஆணா, பொண்ணா?

என்னிடம் இருப்பது குழாயை அறுக்காமல் தண்ணீரை அளக்கும் மீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு சென்சார். இரண்டையும் குழாயின் மேல்தோலில் ஒட்டவைத்து எஃகுப் பட்டையால் இறுக்க வேண்டும். ஒன்று கூப்பிடும், மற்றது காது கொடுத்துக் கேட்கும். அப்புறம் இது கூப்பிடும், அது கேட்கும். நம் காதுக்கு எட்டாத சத்தம். தண்ணீர் ஓடும் திசையில் சத்தம் சீக்கிரம் போய்ச் சேரும், எதிர்த்திசையில் தாமதமாகும். அந்த வித்தியாசத்தை வைத்து இத்தனை லிட்டர் என்று பெட்டி சொல்லிவிடும்.

சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். மாட்டிப் பார்த்தால் தெரியும். துருவோ பெயின்டோ இருந்தால் சத்தம் உள்ளே போகாது. உப்புத்தாள் போட்டுப் புதுக்காசு மாதிரி பளபளவென்று தேய்க்க வேண்டும். சென்சாருக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை காற்று இருந்தாலும் கேட்காது, அதற்குக் கிரீஸ் தடவ வேண்டும். குழாயின் வளைவிலிருந்து தள்ளி, நேராக ஓடும் இடமாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குழாயின் விலாவில்தான் மாட்ட வேண்டும். உச்சியில் காற்று ஓடும், அடியில் மண் தங்கும்.

இந்த மீட்டரை எனக்குப் பழையதாக விற்ற ஒப்பந்தக்காரர், கைப்பட எழுதிய தாள் ஒன்றைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். அதில் மூன்றாவது வரி, ‘உச்சியில் மாட்டாதே.’ அதன் அடியில் இரண்டு கோடு.

கிரீஸைப் பார்த்தால் எந்த ஊரிலும் ஒரே கேலிதான். ஒருமுறை கரியாலூரில் ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டிருந்தார். மேலே தொட்டிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். பனி மூட்டத்தில் கை விறைக்க, அரைமணி நேரம் குழாயைத் தேய்த்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் ஒன்று அருவிக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டுப் பெரியம்மா நிதானமாகக் கேட்டார்.

“இன்னா தம்பி, கொழாய்க்கு ஸ்கேன் எடுக்கறியா?”

“ஆமாங்கம்மா.”

“ஆணா, பொண்ணா?”

பெஞ்சமின் சிரித்த சிரிப்பில் கிளாம்ப் திருகு கைநழுவிப் பள்ளத்தில் விழுந்தது. அதைத் தேடி எடுக்க இன்னொரு அரைமணி. அதிலிருந்து நான் திருகுகளை எண்ணி, ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை இன்னொரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். என் மனைவி லூர்து சொல்வாள்: “ஒங்க மாமாவ நம்பி திருகெல்லாம் குடுக்கலாம்டா பெஞ்சமின், வூட்டு கேஸ மூடிட்டாரான்னு மட்டும் அவர கேக்காத. மூணு தபா போயி பாத்துட்டு, நாலாவது தபாவும் தெரியலம்பாரு.”

உண்மைதான். ஆனால் கவலைப்படுகிறவன் சரியான இடத்தில் கவலைப்பட்டுவிட்டால் தேவலையே. அதுதான் எனக்குக் கூடிவருவதில்லை.

ஏழு பொட்டு

மோட்டார் கொட்டகைக்குப் போன உடனேயே இடத்தைப் பார்த்துவிட்டேன். குழாய் கொட்டகைச் சுவரை ஒட்டியபடி எட்டடி நேராக ஓடி, அப்புறம் வளைந்து மண்ணுக்குள் இறங்கியது. மோட்டாரையும் வளைவையும் விட்டுத் தள்ளி, நடுவில் இரண்டடிக்குள்தான் மாட்டியாக வேண்டும். சுவர்ப் பக்கத்து விலாவில் இரண்டு விரல் நுழையும் இடம்தான். கை போகாது. அப்படியென்றால் ஓடையைப் பார்த்த விலா.

சரியாக அந்த இரண்டடியில் மஞ்சள் பெயின்ட் அடித்து, அதன்மேல் வரிசையாக ஏழு சிவப்புப் பொட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அகலம். நாலு விரல் இடைவெளி.

“இந்த எடத்துல கொஞ்சம் தேய்க்கணும்மா,” என்றேன்.

அஞ்சலை குனிந்து என் விரல் போன இடத்தைப் பார்த்தார். “அது கன்னிமாருண்ணா.”

கிணறு வெட்டுவதற்கு முன்னால் அந்த ஓடைக்கரையில் ஏழு கல் நட்டிருந்ததாம். தண்ணீருக்குக் காவலான ஏழு கன்னிமார். கிணறு வெட்டிய பொக்லைன் கல்லையெல்லாம் மண்ணோடு வாரிக்கொண்டு போய்விட்டது. கல் நின்ற இடத்தின்மேல் குழாய் வந்தது. பெண்கள் விடவில்லை. ஆடி வந்தபோது குழாயிலேயே ஏழு பொட்டு வைத்துப் பொங்கல் வைத்துவிட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் மழையில் கரைகிறதென்று அடுத்த ஆடியில் எண்ணெய்ப் பெயின்டே வாங்கிவந்து அடித்துவிட்டார்கள்.

எண்ணெய்ப் பெயின்ட்! அதன்மேல் சென்சாரை வைப்பதும் தலையணைமேல் வைப்பதும் ஒன்று.

“தேய்ச்சிட்டு, திரும்ப அதே மாதிரி பெயின்ட் அடிச்சி குடுத்துடறேன்மா.”

“ஒங்க கோயில்ல மாதா மூஞ்சிய உப்புத்தாள் போட்டு தேய்ச்சிட்டு, திரும்ப பெயின்ட் அடிச்சி தரேன்னு ஒருத்தன் வந்தா வுடுவீங்களா?”

கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். தள்ளியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஏழுமலை நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “இன்னா அஞ்சல, மீட்டர் வெச்சா மாட்டிக்குவோம்னு சாமிய முன்னாடி நிக்க வெக்கிறியா?”

“நான் எதுக்கு மாட்டறேன்? மோட்டார் காத்து இழுக்குதுன்னு ரெண்டு மாசமா சொல்லிக்கினுதானே இருக்கறேன். கெணத்துல தண்ணி கம்மி. வந்து எட்டிப் பாத்தீங்களா?”

“காலையில பாத்தேன், மூணு ஆள் ஒயரம் கெடக்குது.”

“காலையில கெடக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு பாருங்க.”

“யோவ் மீட்டரு,” என்று என் பக்கம் திரும்பினார். “நீ தேய்யி. ஏதாச்சும்னா நான் பாத்துக்கறேன்.”

‘ஏதாச்சும்னா’ என்ற அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். கன்னிமாரை உப்புத்தாளால் தேய்த்தான், கழுத்தில் சிலுவை போட்டிருந்தான், பெயர் சவரிமுத்து. இதை எவனாவது கைப்பேசியில் படம் எடுத்தால், நான் கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் மாவட்டம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும். லூர்துவிடம் என்ன சொல்வேன்? பெஞ்சமினுக்கு அந்த வருஷம்தான் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழாயின் உச்சியில் மட்டும் பெயின்ட் இல்லாமல், துரு பிடித்த இரும்பு நீளமாகத் தெரிந்தது. யார் மனமும் நோகாத இரும்பு.

“மேலயே மாட்டிக்கறேங்க,” என்றேன்.

பெஞ்சமின் என் காதருகில் வந்தான். “மாமா, தாளுல ரெண்டு கோடு போட்டிருக்குது மாமா.”

“நீ சும்மா இரு மச்சான்.”

அவன் சும்மா இருந்தான். வாழ்க்கையில் அவன் என் பேச்சைக் கேட்டது அந்த ஒருமுறைதான். அதுவும் கேட்கக்கூடாத நாளில்.

எட்டாம் வகுப்பு

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பாவுக்குக் கல் குவாரியில் கால் போனது. மூத்தவன் நான். கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். செம்புக் கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தவறினால் மோட்டார் புகைந்துவிடும். எண்ணும் வழக்கம் அங்கே பிடித்ததுதான். இன்றும் படிக்கட்டு ஏறினால் எண்ணுவேன்.

எண் எனக்குத் தகராறு இல்லை. ஆங்கிலம்தான் தகராறு. மீட்டரில் நூற்றுக்குமேல் மெனு இருக்கிறது. அதில் எனக்கு வேண்டியவை ஒன்பது. குழாயின் சுற்றளவு, இரும்பின் கனம், இந்த மாதிரி. அந்த ஒன்பதுக்குமட்டும் எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மற்ற பக்கங்களுக்கு நான் போனதே இல்லை. தெரியாமல் எதையாவது அழுத்தி, பெட்டி செத்துவிட்டால்? கடன் வாங்கி வாங்கிய பெட்டி.

அந்த மற்ற பக்கங்களில் ஒன்றில், எனக்கு விற்றவர் ஏதோ ஒரு வசதிக்காக ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். சத்தம் கேட்காமல் போனால், பெட்டி கடைசியாகக் கேட்ட எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். சத்தம் திரும்பும்வரை அதே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும்.

இது எனக்கு அன்று தெரியாது.

பதினைந்து புள்ளி இரண்டு

உச்சியைத் தேய்த்தேன். குழாயைச் சுற்றித் தாளைச் சுற்றி, விளிம்பும் விளிம்பும் பொருந்த வைத்துக் கோடு போட்டேன். கோடு கோணினால் சென்சார் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு திசை பார்க்கும். இதற்கு நான் பயன்படுத்துவது இதே வார இதழின் நடுப்பக்கம். ஆசிரியர் கோபித்துக்கொள்ளக்கூடாது. நீளம் சரியாக இருக்கிறது.

கிரீஸ் தடவி, பட்டையை இறுக்கினேன். அஞ்சலை மோட்டார் போட்டார். பெஞ்சமின் என் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்த் தொட்டிமேல் ஏறினான். தெருவுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, அளவுக்குச்சியை விட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது அவன் வேலை.

முதல் ஒரு மணி நேரம், மணிக்குப் பதினைந்தாயிரம் லிட்டர். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கால்மணிக்கு ஒருதரம் நோட்டில் எழுதினேன். சிக்னல் அறுபதுக்குமேல் இருந்தால் நல்லது. அறுபத்தொன்று இருந்தது.

இரண்டாவது மணியில் மோட்டாரின் குரல் மாறியது. கரகரவென்று, தொண்டை கட்டினவர் பேசுவதுபோல.

“தோ, கேளுங்கண்ணா,” என்றார் அஞ்சலை. “காத்து இழுக்குது.”

கேட்டேன். சிக்னலையும் பார்த்தேன். முப்பத்தெட்டு. திரையின் மூலையில் ஒரு ஆங்கில எழுத்து மாறி வேறு எழுத்து வந்திருந்தது. அது என்ன எழுத்து, எதற்கு வந்தது, தெரியவில்லை. கேட்கவும் யாரும் இல்லை. ஆனால் தண்ணீர் அளவு மட்டும் பதினைந்து புள்ளி இரண்டில், அதாவது மணிக்குப் பதினைந்தாயிரத்து இருநூறு லிட்டரில், அசையாமல் நின்றது. சரி, தண்ணீர் சீராகத்தான் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

தலைவரிடம், “சிக்னல் கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க,” என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ‘அப்ப இன்னாத்துக்குய்யா ஒனக்கு வாடகை?’ என்று கேட்பாரே என்று விழுங்கிவிட்டேன். ஓடும் தண்ணீர் ஒரு மணி நேரம் ஒரே எண்ணில் நிற்காது என்பது மோட்டார் கடைக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

இரண்டு மணி நேரம் முடிந்தபோது மீட்டர் சொன்னது முப்பதாயிரத்து நானூறு. பெஞ்சமின் போனில் சொன்னது இருபத்தோராயிரம்.

எழுத்தர் கழித்துப் பார்த்து எழுதினார். ஒன்பதாயிரத்து நானூறு லிட்டர் காணவில்லை.

“பாத்தியா?” என்றார் ஏழுமலை. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லோரிடமும் சொல்லியிருப்பார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். “அந்தப் பொட்டி பொய் சொல்லுதுண்ணா.”

“மிஷின் பொய் சொல்லாதும்மா,” என்றார் எழுத்தர்.

என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட நேரம் எடுக்கும். சவரிமுத்து என்று ஆறு எழுத்தையும் முழுதாக எழுதுவேன். எழுதி முடிக்கும்வரை அஞ்சலை இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவருக்கும் நேரம் எடுத்தது.

அரிசி ஆலையில் நின்ற எண்

பதினொன்றாம் நாள். வடக்கனந்தல் பக்கம் ஒரு அரிசி ஆலை. நெல் ஊறவைக்கும் தண்ணீரை அளக்க வேண்டும். அங்கே விலாவில் ஒழுங்காகத்தான் மாட்டினேன். ஆனால் கிரீஸ் தீர்ந்துபோய் டியூபைச் சுருட்டிச் சுருட்டிப் பிழிந்ததில் சரியாகப் பூசவில்லை. ஆலையின் வெக்கையில் அதுவும் வழிந்துவிட்டது.

திரையில் பன்னிரண்டு புள்ளி நாலு. எழுதிக்கொண்டேன். கால்மணி கழித்து, பன்னிரண்டு புள்ளி நாலு. எழுதினேன்.

அப்போதுதான் ஆலைக்காரர் வந்து, “இன்னாங்க, மோட்டார நிறுத்தி பத்து நிமிஷம் ஆவுது, இன்னும் இன்னாத்த எழுதிக்கினு இருக்கறீங்க?” என்று கேட்டார்.

மோட்டார் நின்றிருந்தது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. மீட்டர் மட்டும் பன்னிரண்டு புள்ளி நாலு, பன்னிரண்டு புள்ளி நாலு என்று கூட்டிக்கொண்டே போனது. மூலையில் அதே ஆங்கில எழுத்து.

எனக்குக் காதுக்குள் கொட்டகைத் தகரம் டக், டக் என்றது. நோட்டைப் பின்னால் புரட்டினேன். பதினைந்து புள்ளி இரண்டு. பதினைந்து புள்ளி இரண்டு. பதினைந்து புள்ளி இரண்டு. பதினைந்து புள்ளி இரண்டு. என் கையெழுத்தில், அழகாக, ஒன்றன்கீழ் ஒன்றாக.

உச்சியில் காற்று வந்ததும் சென்சாருக்குக் காது அடைத்துவிட்டது. பெட்டி பழைய எண்ணையே ஒப்பித்துக்கொண்டு நின்றது. அந்த ஒன்பதாயிரத்து நானூறு லிட்டர் யாரும் திருடியதில்லை. அப்படி ஒரு தண்ணீர் கிணற்றை விட்டே வரவில்லை.

ஆலைக்காரர் என்னைப் பிடித்து நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். முகம் அப்படி இருந்ததாம்.

நகர்ந்து கொடுத்தார்கள்

மறுநாள் காலையிலேயே பெஞ்சமினைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டேன். அஞ்சலை கூலிக்கு மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“காத்து இழுக்குதுன்னு அன்னிக்கு எத்தினி தபா சொன்னேன்?”

“எனக்குத் தெரிஞ்சி ரெண்டு தபா.”

“எண்ணிக்கினுதான் இருந்திருக்கறீங்க.” இன்னொரு குச்சியை வெட்டிப் போட்டார். “கேக்கல.”

தலைவரிடம் போனோம். அவர் எரிந்து விழுவார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். ஆனால் அவருக்கே ஒரு இக்கட்டு இருந்தது. அஞ்சலைக்குப் பதிலாகத் தன் மருமகனைப் போட்டிருந்தார். அவன் ஓட்டியும் தொட்டி நிரம்பவில்லை. மேற்குத் தெருவில் இப்போது அவரையே கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

“ஒரு நாளைக்குத்தான்யா வாடகை பேசனது,” என்றார். “ரெண்டாவது நாளுக்கு எவன் குடுப்பான்?”

“யாரும் வேணாங்க. நான் சும்மாவே மாட்டறேன்.”

“சும்மா மாட்டறவன் அன்னிக்கே ஒழுங்கா மாட்டியிருக்கணும்.”

தயார் செய்ததில் இது இல்லை. ஆனாலும் எழுத்தரையும் நாற்காலியையும் கூட்டிக்கொண்டு அவரே கூட வந்தார்.

கொட்டகைக்குப் போனதும் சிக்கல் பழையபடி வந்து நின்றது. விலாவில் மாட்ட வேண்டும். விலாவில் கன்னிமார். நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அஞ்சலை முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தபடி நின்றேன்.

“எது எது வேணும்?” என்று கேட்டார்.

அளந்து காட்டினேன். “மூணாவது, நாலாவது. அது ரெண்டும் போதும்.”

அவர் ஓடையில் இருந்த கொஞ்சம் தண்ணீரைக் குடத்தில் முகந்துவந்து குழாய்மேல் ஊற்றினார். கற்பூரம் இல்லை, எழுத்தரிடம் தீப்பெட்டி மட்டும் இருந்தது. ஒரு குச்சியைக் கிழித்துக் காட்டிவிட்டுப் போட்டார். அப்புறம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “கொஞ்சம் நவுந்து குடுங்கம்மா. எனுக்கு வேற வழியில்ல.”

பிறகு என் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டார். “நான் தேய்க்கறேன். நீங்க தேய்ச்சா ஊரு ஒங்கள தேய்க்கும்.”

அவர் தேய்த்த தேய்ப்பை நான் இருபது வருஷத்தில் தேய்த்ததில்லை. பெயின்ட் போய், துரு போய், இரும்பு பளீரென்று வந்தது. நான் தாள் சுற்றி, கோடு போட்டு, கிரீஸ் தடவினேன். அதைப் பார்த்து அஞ்சலை, “மாசமா இருக்கறவ வவுத்துல தடவுவாங்களே, அந்தப் பசையா?” என்றார். பெஞ்சமின் வாயைத் திறந்தான். ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டான்.

இந்த முறை சிக்னல் எழுபத்தாறு. ஆலையிலிருந்து வந்த அன்றே, எனக்கு விற்றவரைப் போனில் பிடித்து, அந்தப் பழைய ஏற்பாட்டையும் எடுத்துவிட்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல, பொத்தானை அழுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

முதல் மணி நேரம் பதினைந்து. அப்புறம் மோட்டார் கரகரத்தது. பன்னிரண்டு. ஏழு. ஐந்து. கடைசிக் கால்மணியில் மூன்று. ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்துவந்து என் தோள்மேல் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மீட்டர் இருபத்தோராயிரத்து அறுநூறு. தொட்டியில் குச்சி இருபத்தோராயிரம். பெஞ்சமின் குச்சி வைக்கிற அழகுக்கு அந்த அறுநூறு ஒன்றும் பெரிதில்லை.

“அப்ப தண்ணி எங்கதான் போவுது?” என்றார் தலைவர்.

“எங்கயும் போவல,” என்றார் அஞ்சலை. “வரல.”

இருவரும் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். நானும் போனேன். அடியில் சேறும், சேற்றுக்கு நடுவே வாளி அளவுக்குப் பள்ளத்தில் தண்ணீரும். உறிஞ்சுகுழாய் கால் தெரிய நின்றது. ஏழுமலை, “தூர் வாரணும்னா அதுக்கு வேற எஸ்டிமேட் போடணும்,” என்று எழுத்தரைத் திட்டினார். போகும்போது சாவியை மோட்டார் மேடைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அஞ்சலை சாவியைக் குடத்துத் தண்ணீரில் கழுவி இடுப்பில் முடிந்துகொண்டார்.

நான் சென்சாரைக் கழற்றியதும் மஞ்சள் விலாவில் இரண்டு இரும்புக் கட்டங்கள் தெரிந்தன. முதலாவது, இரண்டாவது, அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு.

“அஞ்சி பேருதான் இருக்கறாங்களே,” என்றேன். கவலையாகத்தான் இருந்தது.

“ரெண்டு பேரு தண்ணி பாக்க போயிருக்கறாங்க. வந்துடுவாங்க,” என்றார்.

பெட்டிக்குள் ஒரு உறை

அந்தப் பன்னிரண்டு நாள் சம்பளத்தை ஊராட்சி தரவில்லை. வேலை பார்க்காத நாளுக்கு எப்படிப் பில் போடுவது என்று எழுத்தர் கேட்டாராம். நியாயமான கேள்விபோல ஒரு கேள்வி. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் நாலாயிரம் என்றால் பன்னிரண்டு நாளுக்கு ஆயிரத்து அறுநூறு. உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அஞ்சலை உறையைத் தொடவில்லை.

“ஊராட்சி குடுத்தா வாங்கிக்குவேன். நீங்க எதுக்கு?”

“என்னாலதானேம்மா போச்சு.”

“ஆமா, ஒங்களாலதான். இத நான் வாங்கிக்கினா இன்னிக்கு வூட்டுக்கு போயி நல்லா தூங்குவீங்க. வேணாம். வெச்சிக்கினு இருங்க. அடுத்த தபா எவளாவது காத்து இழுக்குதுன்னு சொன்னா ஞாபகம் வரும்.”

அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் படுத்துகிறது. திட்டியிருந்தால் எங்கேயாவது முடிந்திருக்கும்.

அந்தப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் போய்ப் பார்க்கிறேன். கிணறு தூர் வாரியாகிவிட்டது, தொட்டி நிரம்புகிறது. போன ஆடியில் மூன்றாவது கன்னியும் நான்காவது கன்னியும் திரும்பி வந்துவிட்டார்கள், இந்தமுறை பெயின்ட் இல்லாமல், வெறும் மஞ்சளும் குங்குமமுமாக. உறையை நீட்டுகிறேன். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்கிறார். டீக்கும் அவரே காசு கொடுக்கிறார்.

உறை என் மீட்டர் பெட்டியில், கிரீஸ் டியூபுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெக்கையில் கிரீஸ் கசிந்து ஒரு மூலை ஊறிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் பெட்டியைத் திறக்கும்போது எடுத்து எண்ணிப் பார்க்கிறேன். மூன்று ஐந்நூறு, ஒரு நூறு. ஆயிரத்து அறுநூறு ரூபாய்.